சாமான் பார்த்துக்கொள்கிறவள்

தென்காசியில் பிறந்து தென்காசியிலேயே நரைத்துக்கொண்டிருக்கிற நான், போன வருஷம் வரைக்கும் குற்றால அருவியில் குளித்ததில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மெட்ராஸிலிருந்து வருகிறவன் ரயிலை விட்டு இறங்கின கையோடு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறான். எங்கள் ஊரில் பஸ் ஏறி உட்கார இடம் தேடுவதற்குள் குற்றாலம் வந்துவிடும். நானும் ஒவ்வொரு சீசனுக்கும் போயிருக்கிறேன். போய், எல்லாருடைய பைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன்.

அருவிக்குப் போகிற எந்தக் குடும்பத்திலும் இந்த வேலைக்கு ஒரு ஆள் வேண்டும். மாற்றுத்துணி, துண்டு, செருப்பு, கழற்றின வாட்ச், வளையல், சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் ஒரே இடத்தில் குவியும். அருவிக்கு முன்னால் இருக்கிற பாலத்துச் சுவரில் குரங்கு வேறு நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கும். மற்ற குடும்பங்களில் ஆள் மாறும். இந்தத் தடவை சளி பிடித்த அண்ணன், அடுத்த தடவை மாசமாக இருக்கிற மருமகள். எங்கள் குடும்பத்தில் மாறியதே இல்லை. இளம்பிள்ளை வாதம் வந்து என் வலது கால் சூம்பின நாளிலிருந்து அந்த உத்தியோகம் எனக்கு நிரந்தரமாகிவிட்டது.

"வழுக்கும்மா. கட்டைய வச்சிக்கிட்டு அங்கன எப்படி நிப்ப? நீ இங்கனயே இருந்து சாமானப் பாத்துக்கோ" என்று அப்பாதான் முதலில் சொன்னார். கட்டை என்று அவர் சொன்னது, நான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கிற ஊன்றுகோலை. அப்போது அது நிஜமாகவே மரக்கட்டை. இப்போது அலுமினியத்தில் வந்துவிட்டது, ஆனாலும் வீட்டில் அதற்குக் கட்டை என்றுதான் பெயர். அப்பா போன பிறகு அந்த வாக்கியத்தை அம்மா சொன்னாள், அம்மாவுக்குப் பிறகு அக்கா சொன்னாள். சொத்து எதுவும் அப்படி ஒழுங்காகக் கைமாறவில்லை.

தனியாகப் போய்க் குளித்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். ஏன், போனேனே. ஒரு தடவை கடையைப் பூட்டிவிட்டு யாருக்கும் சொல்லாமல் போனேன். பெண்கள் குளிக்கிற பக்கத்தின் வாசலிலேயே நான்கு பேர் நிறுத்திவிட்டார்கள். "ஏம்மா, ஒத்தையில வந்திருக்கியே, கூட ஆளு இல்லியா?" என்று ஒருத்தி. "இந்த உடம்ப வச்சிக்கிட்டு இதெல்லாம் தேவையா?" என்று இன்னொருத்தி. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். அன்பாகத்தான் செய்தார்கள், அதனால் திட்டவும் முடியவில்லை. கோபத்தில் இரண்டு வடை தின்றுவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அக்கா எனக்கு இரண்டு வயது மூத்தவள். கல்யாணமாகி எங்களுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். நல்ல உயரம். அடுப்பில் பால் பொங்கினால் முற்றத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் போய் நிறுத்துவாள். பாலை நிறுத்த ஓடுகிறவளைப் பார்த்தா ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று கேட்டால், ஆமாம், அதைப் பார்த்துத்தான் பட்டேன். அவள் புடவைக்கோ நகைக்கோ நான் ஆசைப்பட்டதில்லை. அந்தப் பாய்ச்சலுக்கு என் வயிறு எரியும்.

சின்ன வயதில் தெருவில் பிள்ளைகள் நொண்டி விளையாடுவார்கள். ஒரு காலை மடக்கிக்கொண்டு கட்டத்துக்குக் கட்டம் தத்திப் போகிற ஆட்டம். எனக்கென்றே உண்டான ஆட்டம் இது ஒன்றுதான் என்று நினைத்து, "நானும் வாரேன்" என்று போய் நின்றேன். "ஒனக்கு இது ஆட்டமாட்டி? நீ எப்பவும் இப்படித்தான போற!" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டு அழகாக ஒரு காலை மடக்கி, எல்லாக் கட்டத்தையும் தாண்டி ஜெயித்தாள். ஆட்டம் முடிந்ததும் மடக்கின காலை இறக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவள் அந்தக் காலை இறக்குவதையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்தக் கதை இங்கே வேண்டாம். பத்திர ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சாமி பெயர் வைத்துப் பெரிய போர்டு மாட்டியிருக்கிறேன். ஊர் அதைப் படித்ததே இல்லை. ஊருக்கு அது நொண்டியக்கா கடை. "நொண்டியக்கா கட தாண்டி இடது கைப் பக்கம் திரும்புங்க" என்று என் முன்னால் நின்றுகொண்டே வழி சொல்லுவார்கள். இப்போது யாரோ புண்ணியவான் செல்போன் மேப்பிலும் அதே பெயரை ஏற்றிவிட்டான். அதற்குக் கீழே, "நல்ல கடை, அக்கா ரொம்பப் பொறுமை" என்று எழுதி நட்சத்திரம் வேறு போட்டிருக்கிறார்கள். பொறுமையாம். என்னைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்.

அக்கா புருஷன், அதாவது எங்கள் அத்தான், டயர் கடைக்காரர். நல்ல மனுஷன். "இந்த மாசம் யாவாரம் நொண்டியடிக்கி" என்று சாப்பாட்டுக்கு நடுவில் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடிப்பார். "ஒன்னச் சொல்லல பிள்ள" என்பார். அவர் நாக்கைக் கடிக்காமல் இருந்திருந்தால் எனக்கு ஒன்றுமே தோன்றியிருக்காது. பாதிச் சோற்றில் எல்லாரும் ஒரு நிமிஷம் என் காலைப் பார்ப்பார்கள், பிறகு ரசத்தைப் பார்ப்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான், ஒரு ஆடி வெள்ளிக்கிழமை வாசல் கழுவப் போன அக்கா வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணிப் பிளேட் வைத்தார்கள். மறுநாள் நான் பிளாஸ்கில் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போனேன். உள்ளே நுழைந்ததும் அக்கா என்னைப் பார்த்தாள். பார்த்ததும் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"நானும் இவள மாதிரி ஆயிட்டேனே! இவள மாதிரி ஆயிட்டேனே!"

அறையில் அத்தான் இருந்தார், அவருடைய தங்கை இருந்தாள், அக்கா மகள் இருந்தாள். யாராவது "என்ன பேச்சு பேசுத" என்று அவளை அதட்டுவார்கள் என்று நினைத்தேன். அத்தானின் தங்கை அவள் தலையைத் தடவி, "சே சே, அப்படியெல்லாம் ஆவாது மதினி. பயப்படாதீங்க" என்றாள். என்னை மாதிரி ஆவது என்பது அந்த அறையில் ஒரு நோயின் பெயராக இருந்தது. நான் ஆளுக்கு ஒரு டம்ளர் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். எனக்கு மிச்சம் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கூட்டம் கூட்டமாக ஆட்கள் பார்க்க வந்தார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், மாதுளம்பழம். பிரிட்ஜில் இடம் இல்லாமல் பாதியை என் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கட்டையோடு திரிகிறேன், ஒருத்தர் ஒரு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்ததில்லை. வந்தவர்கள் எல்லாரும் அக்காவிடம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "சீக்கிரம் சரியாயிரும்." காது புளித்துவிட்டது. அந்த வார்த்தையை எனக்கு யாரும் ஒரு தடவை, பொய்யாகக்கூட, சொன்னதில்லை.

பிறகு வாக்கர் வந்தது. நாலு கால், பளபளவென்று புது அலுமினியம், கைபிடிக்கு நீல நிற ரப்பர். அத்தான் அதன் முன்பக்கத்தில் போன் வைக்க ஒரு பை தைத்து மாட்டிக்கொடுத்தார். அக்கா மகள் மல்லிகைச் சரத்தைச் சுற்றிப் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் நான் கட்டையோடு எதிரே வந்துவிடக் கூடாதென்று, "நீ செத்த உள்ள இரி" என்று என்னை அடுக்களைக்கு அனுப்புகிற அதே வீடு அது. அங்கே வாக்கர் நடு ஹாலில் மாப்பிள்ளை மாதிரி நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சாமானை ஒரு மனுஷியைப் பார்ப்பது போலப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு வீட்டில் இருக்கிற இரும்புக்கும் மரத்துக்கும் எல்லாம் மரியாதை. அம்மி, அரிவாள்மனை, மண்வெட்டி, தையல் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அத்தான் கடையில் கேட்கவே வேண்டாம், காற்றடிக்கிற மெஷினிலிருந்து ஸ்பேனர் வரைக்கும் பொட்டு. நான் என் கடையில் ஜெராக்ஸ் மெஷினுக்கும் பேப்பர் வெட்டுகிற கத்திக்கும் வைப்பேன். ஸ்டாப்ளருக்குக்கூட வைப்பேன். என் கட்டைக்கு மட்டும் யாரும் வைத்ததில்லை. சின்ன வயதிலிருந்தே பூஜை நேரத்தில் அம்மா அதை வாங்கிக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிடுவாள். "பூசயில அது கண்ணுல பட வேண்டாம்" என்பாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கும்பிடுவேன். பழகிப்போய், என் சொந்தக் கடையிலும் நானே அதைக் கதவுக்குப் பின்னால்தான் வைக்கிறேன்.

அந்த வருஷம் அக்கா வீட்டுக்குப் பூஜைக்குப் போனேன். அம்மிக்கும் கிரைண்டருக்கும் நடுவில் வாக்கர் நின்றது. அத்தான் குனிந்து அதன் நாலு காலுக்கும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, குறுக்குக் கம்பியில் ஒரு மாலையும் போட்டார். "நம்ம வீட்டுக்குப் புது வண்டி வந்திருக்குல்லா!" என்றார். எல்லாரும் சிரித்துக் கை தட்டினார்கள். அக்கா மகள் என் பக்கத்தில் வந்து, "சித்தி, கட்டையத் தாங்க, ஓரமா வைக்கேன்" என்று வாங்கிக்கொண்டு போய்க் கதவுக்குப் பின்னால் சாய்த்தாள். அவள் மேல் தப்பில்லை, அந்த வீட்டுப் பழக்கம் அதுதான். தீபாராதனையை ஒற்றிக்கொண்டேனா இல்லையா என்றுகூட ஞாபகமில்லை. பொரி கடலையை வாங்காமலே கிளம்பி வந்துவிட்டேன்.

மறுநாள் எல்லாரும் குற்றாலம் போகலாம் என்று அத்தான் முடிவு செய்திருந்தார். புரட்டாசிக் கடைசியில் மலையில் மழை பிடித்து, மெயின் அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. "மூலிகத் தண்ணில்லா! எலும்பு சீக்கிரம் கூடிரும்" என்று அவர் சொன்னார். டாக்டரிடம் கேட்டார்களா என்று தெரியாது. எலும்பைக் கூட்டுகிற அந்தத் தண்ணீரை என் காலுக்கு எந்தக் காலத்திலும் யாரும் சிபாரிசு செய்ததில்லை. என் காலுக்கு வழுக்கும், அவ்வளவுதான். அக்கா காலுக்கு மூலிகை. வராமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். "நீ வராட்டா சாமான யாரு பாப்பா?" என்று போனிலேயே அக்கா கேட்டாள். போனேன்.

எப்போதும் உட்காருகிற இடத்தில் பைகளோடு உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் பெண்கள் குளிக்கிற இடத்துக்குப் போகிற வழி நன்றாகத் தெரியும். அக்கா வாக்கரைத் தூக்கி வைத்துத் தூக்கி வைத்துப் போனாள். மாலை வாடிப்போய் இன்னும் கம்பியில் தொங்கியது. அதைப் பார்த்ததும் கூட்டம் தானாக விலகியது. "ஆபரேசன் பண்ணவங்க வாராங்க, வழி விடுங்க, வழி விடுங்க" என்று முன்பின் தெரியாத பெண்களெல்லாம் கத்தினார்கள். காவலுக்கு நின்ற பெண் போலீஸ் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பாத்து வாங்கம்மா" என்றார். எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது. அது விழுந்து தொலையட்டும் என்று நினைத்தேனா? நினைத்தேன். அவள் விழ வேண்டும் என்று இல்லை. அந்த வாக்கர்.

ஈரப் பாறையில் முதல் தடவை வைத்ததுமே வாக்கர் முன்னால் சறுக்கிக்கொண்டு போனது. அக்கா அதன் பின்னாலேயே போனாள். அவள் மகளும் நாத்தனாரும் இரண்டு பக்கமும் பிடித்துவிட்டார்கள், அதனால் மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடி எதுவும் இல்லை. தூக்கி நிறுத்தி மறுபடியும் வைத்தார்கள், மறுபடியும் சறுக்கியது. பெண் போலீஸ் விசில் ஊதி, "போதும், இவங்களக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அவளைத் தாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் விட்டார்கள்.

நான் வாக்கரை இழுத்து அதன் கால்களைத் தடவிப் பார்த்தேன். என் கட்டைக்கு மாட்டுகிற மாதிரிக் கறுப்பு ரப்பர் குமிழ்தான். விரலில் எண்ணெய் ஒட்டியது.

"இதுல எண்ணெய யாரு போட்டது?"

அத்தான் தலையைச் சொறிந்தார். "பூசைக்கு டயரெல்லாம் எண்ணெ போட்டுத் தொடச்சேன். இதுக்கும் சேத்துத் தொடச்சிட்டேன். பளபளன்னு இருக்கட்டும்னு…"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. பொட்டு வைத்து மாலை போட்டு, ஊன்றி நடக்கிற காலில் எண்ணெயைத் தடவி, அருவிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். டயர் கடைக்காரரைத் தவிர வேறு யாருக்கு இது தோன்றும். அக்கா என்னை முறைத்தாள். அத்தான், "சரி, வந்தாச்சி. நாங்க போயிக் குளிச்சிட்டு வாரோம். நீங்க ரெண்டு பேரும் சாமானப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு ஆண்கள் பக்கம் போனார். மற்றவர்களும் போனார்கள்.

முதல் தடவையாக அந்த இடத்தில் எனக்குத் துணைக்கு ஒரு ஆள். அக்கா கொஞ்ச நேரம் அருவியைப் பார்த்தாள். பிறகு குளிக்கிறவர்களைப் பார்த்தாள். அவர்கள் கூச்சல் போடும்போதெல்லாம் அவள் முகம் சுருங்கியது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும், என்னுடைய முகம் அது. காற்று திரும்பும்போதெல்லாம் சாரல் மட்டும் வந்து எங்கள் மேல் விழுந்தது.

"ஏட்டி, இத்தன வருசமா எப்படிட்டி இங்கன உக்காந்திருந்த?" என்றாள்.

"உக்காரச் சொன்னீங்க, உக்காந்திருந்தேன்" என்றேன்.

அப்போது வெளியூர் அம்மா ஒருத்தி, குளித்து ஈரத்தலையோடு வந்தவள், எங்கள் முன்னால் நின்றாள். அக்காவின் வாக்கரைப் பார்த்து, "என்னாச்சும்மா? ஆபரேஷனா? கவலைப்படாதீங்க, சீக்கிரம் சரியாயிடும்" என்றாள். என்னையும் என் கட்டையையும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பர்ஸைத் திறந்து, ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்து என் மடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு இது புதிதில்லை. அக்காவுக்குப் புதிது. அவள் முகமெல்லாம் சிவந்துவிட்டது. "அவ யாருட்டி! ஏய், இந்தாம்மா!" என்று எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. "என் தங்கச்சிய என்னன்னு நெனச்சா! சொந்தமா கட வச்சிருக்கா, மூதி!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள். ஆஸ்பத்திரியில் தனக்காக அழுத மாதிரியே அழுதாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நான் மட்டும் எந்திச்சி நடந்துட்டேன்னு வையி, மொத வேலையா ஒன்ன அந்தத் தண்ணியில கொண்டுபோயி நிப்பாட்டுதேன். ஒரு பயலையும் கேக்க மாட்டேன். இது சத்தியம்."

நான் நம்பினேன். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்ததும், பொறாமை இல்லாத வயிறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. லேசாக, ஒரு வேளை பட்டினி கிடந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு நான் அவளுடைய காலுக்காக அவளை விட அதிகமாக வேண்டிக்கொண்டேன். பண்பொழி மலை முருகனுக்கு ஆள் மூலம் பூமாலை கொடுத்துவிட்டேன். கார்த்திகையில் வாக்கரை விட்டுவிட்டு ஒற்றைக் கம்பு பிடித்தாள். தை பிறந்ததும் கம்பையும் விட்டாள். சித்திரையில் அடுப்பில் பால் பொங்கினபோது முற்றத்திலிருந்து போய் நிறுத்தினாள். பழைய பாய்ச்சல் இல்லை, ஆனாலும் வேகம்தான். வாக்கர் பரணுக்குப் போய்விட்டது, போட்ட பொட்டோடு. நான் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தேன். சீசன் வரட்டும், அவளே சொல்லுவாள் என்று இருந்தேன்.

ஆடியில் சாரல் பிடித்தது. முந்தின வருஷ ஆடி மாதிரி இல்லை, எல்லாருக்கும் சந்தோஷம். அத்தான் வேன் பிடித்தார். அதே ஆட்கள், அதே அருவி. நான் இதற்கென்றே ஒரு பழைய சுடிதாரைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். கட்டைக்குப் புது ரப்பர் மாற்றியிருந்தேன். வேனில் இடம் இருந்தும் உட்காரப் பிடிக்காத அளவுக்கு எனக்கு அவசரம்.

போய்ச் சேர்ந்ததும் செல்போன்களையெல்லாம் வேனில் வைத்துப் பூட்டினார்கள். மற்றதெல்லாம் வழக்கமான இடத்தில் குவிந்தது. துணிப் பைகள், துண்டுகள், புளியோதரைப் பொட்டலங்கள். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வளையலையும் வாட்சையும் கழற்றினாள். கழற்றி என் மடியில் போட்டாள்.

"ஏட்டி, இதயும் பாத்துக்கோ. வழுக்கும், நீ இங்கனயே இரி."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லுகிறாளோ என்று பார்த்தேன்.

"யக்கா, நீ என்னமோ சொன்னியே?"

"என்ன சொன்னேன்?"

"போன தடவ. இங்கன உக்காந்து."

நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், நடிக்கவில்லை. "ஆமா, அப்ப எனக்குக் கால் முடியாம இருந்துச்சில்லா. என்னத்த சொன்னேன்னு யாரு கண்டா!" என்று சிரித்துவிட்டு, மகளோடு கிளம்பிவிட்டாள். கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு ஓடினாள்.

பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவளுக்கு மறந்தே போய்விட்டது. அந்த இடம், அந்தப் பத்து ரூபாய், அந்த அழுகை எல்லாம் வாக்கரோடு சேர்ந்து பரணுக்குப் போய்விட்டது. என் வாழ்க்கையில் நான் அவள் மேல் பட்ட பொறாமையெல்லாம் சேர்ந்தாலும் அன்றைக்குப் பட்டதற்கு ஈடாகாது. அவளால் மறக்க முடிகிறது என்றுதான் பட்டேன். எனக்கு ஒரு நாள்கூட மறக்க வழியில்லை.

எழுந்தேன். வாட்சையும் வளையலையும் ஒரு பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். துணிப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தில் மாட்டினேன். புளியோதரைப் பையை இடது தோளில் போட்டேன். துண்டுகளை எல்லாம் ஒரு மூட்டையாக முடிந்து முதுகில் தொங்கவிட்டேன். செருப்புகளை மட்டும் விட்டுவிட்டேன், குரங்கு கொண்டுபோனால் போகட்டும். கட்டையை ஊன்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

பெண் போலீஸ் விசில் ஊதினார். "ஏம்மா, பையெல்லாம் உள்ள கொண்டுபோகக் கூடாது. வச்சிட்டுப் போங்க."

"சாமானப் பாத்துக்கிடச் சொல்லியிருக்காங்க. விட்டுட்டுப் போவ முடியாது" என்றேன்.

அவர் மறுபடியும் விசிலை வாயில் வைப்பதற்குள் அவரைத் தாண்டிவிட்டேன். கூட்டத்தில் ஒரு குரல், "ஏ, நொண்டி வாராட்டி, வழி விடுங்க, விழுந்துரப் போறா!" என்றது. விலகினார்கள். மற்ற நாளாக இருந்தால் அந்தக் குரல் யாருடையது என்று திரும்பிப் பார்த்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அன்றைக்கு எனக்கு வழி வேண்டியிருந்தது. ரப்பர் பாறையைக் கவ்விப் பிடித்தது. ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை. அப்பா சொன்னது, அம்மா சொன்னது, அக்கா சொன்னது எல்லாம் பொய். சுவரில் பதித்த கம்பியை ஒரு கையால் எட்டிப் பிடித்துக்கொண்டு, தலையைத் தண்ணீருக்குள் கொடுத்தேன்.

அடி என்றால் அடி. தலையில், பிடரியில், தோளில் என்று மாற்றி மாற்றி விழுந்தது. மூச்சு விட முடியவில்லை. காது அடைத்துவிட்டது. பைகள் தண்ணீர் குடித்துக் கனத்துக் கழுத்தை இழுத்தன. நான் வாய் விட்டுக் கத்தினேன். எல்லாரும்தான் கத்துகிறார்கள், யாருக்குக் கேட்கப் போகிறது. சூம்பின காலிலும் தண்ணீர் விழுந்தது. அந்தக் கால் இந்த அருவித் தண்ணீரை அன்றைக்குத்தான் பார்த்தது.

கண்ணைத் திறந்தபோது மூன்று ஆள் தள்ளி அக்கா நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு என் கழுத்தில் தொங்கியதைப் பார்த்தாள்.

"ஏட்டி! துணியெல்லாம் நனையுதுட்டி! சோறு! ஒன்னச் சாமானப் பாத்துக்கோன்னுல்லா சொன்னேன்!"

"பாத்துக்கிட்டுத்தானக்கா இருக்கேன்!" என்று கத்தினேன்.

அவளுக்கு அது கேட்டது. அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் முகம் மாறியது. தண்ணீருக்குள் கையை நீட்டினாள். பையை வாங்கவா, என்னைப் பிடிக்கவா என்று தெரியவில்லை. நான் இரண்டையும் கொடுக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.